பம்ப் எடுக்கப் போன இடத்தில்

ஜூலை 3, திங்கள்

இன்று என் அறையைப் பிடுங்கிவிட்டார்கள்.

அறை வாசலில் 'நூலகம்' என்று பலகை தொங்குவது உண்மைதான். ஆனால் பல வருஷமாக உள்ளே இருப்பது என் வாலிபால் நெட், கோ-கோ கம்பங்கள், ஈட்டிகள், பந்து மூட்டை. அவற்றுக்குப் பின்னால், பூட்டிய இரும்பு பீரோக்களில், புத்தகங்கள். உடற்கல்வி ஆசிரியருக்கு வேறு என்ன வேலை என்று நூலகப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். பொறுப்பு என்றால் சாவியை வைத்துக்கொள்வது. ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். அதனால் நான் பீரோவைத் திறந்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகம் தொலைந்ததில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இப்போது பெற்றோர் ஆசிரியர் கழகம் முறையாகப் படித்த நூலகர் ஒருவரை நியமித்திருக்கிறது. பெயர் பெனாசிர். தாராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். முப்பது வயது இருக்கும். நூலக அறிவியல் படித்தவராம். புத்தகத்தை அடுக்குவதற்கு ஒரு படிப்பா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "கோ-கோவுல படிக்க என்னங் சார் இருக்குது, ஓடறதுதானுங்களே?" என்றார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இல்லாவிட்டால் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

தலைமையாசிரியர் குழந்தைவேல் ஐயா எனக்கு ஆறுதல் சொன்னார். நியமனம் காலாண்டுத் தேர்வு வரைக்கும்தான். அதற்குப் பிறகு நூலகர் தேவையா இல்லையா என்று கழகம் கூடி முடிவெடுக்கும். தேவையில்லை என்றால் அறை மறுபடி எனக்கே. செப்டம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஜூலை 5, புதன்

ஈட்டி, கம்பம், நெட் எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயின. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை மட்டும் அந்த அறையின் மூலையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி. சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தால் பையன்கள் பம்பை எடுத்து சைக்கிளுக்கு அடித்தே முடித்துவிடுவார்கள்.

ஜூலை 11, செவ்வாய்

பம்ப் எடுக்கப் போனேன். உள்ளே சந்தைக்கடை மாதிரி சத்தம். பீரோக் கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. பக்கத்துக் கணினி அறையில், வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த கணினிகளின் உறையைக் கூடக் கழற்றிவிட்டார். பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். தொலைந்தால் உங்கள் தலையில்தான் விடியும் என்று எச்சரித்தேன். பூட்டி வைத்திருந்தபோது பாதிப் புத்தகத்தைப் பூச்சி தின்றிருக்கிறதே, அதற்கு யார் கையெழுத்துப் போட்டது என்று சாதுவாகக் கேட்டார்.

ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கிறார். பொருளைப் பொறுத்து எண்ணாம். எங்களுக்கும் ஏதாவது எண் உண்டா என்று சும்மா கேட்டு வைத்தேன். விளையாட்டுக்கு 796 என்றார். இந்த முறையில் அடுக்குகிற நூலகம் எந்த ஊரில் இருந்தாலும் விளையாட்டுப் புத்தகம் 796-இல்தான் இருக்குமாம். எங்கள் 796-இல் இரண்டே புத்தகங்கள். இருந்தாலும் எண் என்று ஒன்று இருக்கிறதே. வீட்டில் சொன்னபோது மனைவி அப்படியா என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 19, புதன்

பம்ப் எடுக்கப் போனேன். பம்புக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. தள்ளிவைக்கத்தான் எடுத்தேன். துருவப் பகுதிக்குப் போன ஒரு கப்பல் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்கிறது. நின்றபடியே கொஞ்சம் பார்த்தேன். மணி அடித்தது.

ஜூலை 20, வியாழன்

பந்துகளில் காற்று சரியாகத்தான் இருக்கிறது. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பம்ப் எடுக்கப் போனேன். கப்பல் இன்னும் பனியில்தான் நிற்கிறது.

ஜூலை 26, புதன்

பள்ளியில் புது நோய் ஒன்று பரவுகிறது. கிருமி நூலகத்தில் உருவானது.

பெனாசிர் நூலக வகுப்பில் கணினியில் தேடக் கற்றுத் தருகிறார். எதைத் தேடி எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். யார் சொன்னது? எப்போது சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் அதைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சத்துணவு அமைப்பாளர் முட்டை வெந்துவிட்டது என்றால், யார் சொன்னது என்று கேட்கிறான் ஒருவன். கணக்கு ஆசிரியர் பாடத்தையே நடத்த முடியவில்லை என்று ஆசிரியர் அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் என் முறை. என் கோ-கோ அணியின் கேப்டன் மௌனிகா, ஒன்பதாம் வகுப்பு. பெயர்தான் அப்படி, வாய் மூடாது. ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று வழக்கம்போல் சொன்னேன். "யார் சொன்னதுங் சார்?" என்றாள். என் கோச் சொன்னார் என்றேன். "அவருக்கு எப்படித் தெரியுமுங்?" என்றாள். மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடவிட்டேன்.

ஜூலை 28, வெள்ளி

வெயில் அதிகம். அதனால் ஓட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வெயில்தான் காரணம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் ஓர் அருமையான செய்தி வந்தது. வருகிற 27-ஆம் தேதி செவ்வாய்க் கிரகம் பூமிக்கு மிக அருகில் வருகிறது. வெறும் கண்ணுக்கே முழுநிலவு அளவுக்குத் தெரியும். வானத்தில் இரண்டு நிலா! ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதானாம். நம்மால் நாலு பேருக்கு நல்லது தெரியட்டுமே என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினோரு பேர் கும்பிடு போட்டார்கள். பெனாசிர் மட்டும் ஒன்றும் போடவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலை வழிபாட்டில் திருக்குறளும் செய்தியும் முடிந்ததும் தலைமையாசிரியர் ஒரு தகவல் சொல்வது எங்கள் பள்ளி வழக்கம். இன்று அவர் சொன்னது என் தகவல். அதோடு நிற்கவில்லை. 27-ஆம் தேதி ஞாயிறு மாலை மைதானத்தில் 'செவ்வாய் விழா' என்று அறிவித்துவிட்டார். பெற்றோர் அனைவரும் வரலாம். கழகத் தலைவர் சென்னியப்பன் தலைமை தாங்குவார். அவருக்குச் சொந்தமாகத் தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. அவர் செலவிலேயே சுண்டலும் டீயும். வழிபாடு முடிந்ததும் ஐயா என் தோளைத் தட்டினார். நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

என்ன சொல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வழிபாட்டில் ஐயா மறுபடி விழாவைப் பற்றிப் பேசினார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யார் கை என்று பார்க்கவே வேண்டியதில்லை.

"ஐயா, இது யார் சொன்னதுங்?"

விஞ்ஞானிகள் சொன்னது என்றார் ஐயா சிரித்த முகமாக.

"எந்த விஞ்ஞானிங் ஐயா? போன வருஷமும் இதே செய்தி வந்திருக்குதுங். அதுக்கு முந்தின வருஷமும் வந்திருக்குதுங். ஆயிரம் வருஷத்துக்கு ஒருக்கான்னா எப்படிங் வருஷா வருஷம் வரும்?"

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஐயாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மௌனிகாவின் வகுப்புப் பிள்ளைகள் நூலக வகுப்பில் தேடி இதைக் கண்டுபிடித்தது நேற்றாம். பெனாசிர் அவர்களை அடக்கி வைத்து, தான் தனியாகத் தலைமையாசிரியரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று காலை பேசத்தான் காத்திருந்தார். மௌனிகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். "வெள்ளியங்கிரி சார், நீங்க அனுப்புனது உண்மைதானுங்களே?"

"உண்மையாத்தானுங் ஐயா இருக்கோணும்" என்றேன். இது ஒரு பதிலா?

27-ஆம் தேதி வரை நூலக வகுப்பு கிடையாது, கணினிகளுக்கு உறை போடுங்கள் என்று உத்தரவு. என் எதிரிலேயே சென்னியப்பனுக்குப் போன் செய்து, பெரியவர்களை எதிர்த்துக் கேட்கச் சொல்லிக்கொடுக்க ஒரு நூலகர் எதற்கு, அந்தச் சம்பளத்தில் ஹாலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிவிடலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அறை உங்களுக்கே வந்துவிடும் என்றார்.

மகிழ்ச்சிதான். ராத்திரி உப்புமாவில் உப்பே போடவில்லையாம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன் என்று மனைவி உற்று உற்றுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பம்ப் எடுக்கப் போனேன். ஒரு பிள்ளை இல்லை. பெனாசிர் தனியாக உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். கண்ணில் ஈரம் இருந்த மாதிரி இருந்தது. பசையின் நெடியாகவும் இருக்கலாம்.

அந்தச் செய்தி பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் கேட்ட பிறகுதான் உறைத்தது, அது கதவில் ஒட்டியிருக்கும் மூன்றாவது கேள்வி. அவரும் கவனித்துவிட்டார். "நான் சொன்னா எதுக்குங் சார் நம்போணும்? நீங்களே தேடுங்" என்று சொல்லி உறையைக் கழற்றிக் கணினி முன்னால் உட்காரவைத்தார்.

ஒற்றை விரலால் தட்டினேன். செய்தியின் ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடச் சொன்னார். அப்படிப் போட்டால் அதே வரி இருக்கிற இடங்கள் மட்டும் வருமாம். வந்தது. வருஷத்தைக் குறைத்துக் குறைத்துத் தேடச் சொன்னார். அதற்கும் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் போய் நின்றது. அப்போது செவ்வாய் நிஜமாகவே அருகில் வந்திருக்கிறது. தொலைநோக்கியில் இத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் செவ்வாய் தெரியும் என்று யாரோ சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். போகப் போகத் தொலைநோக்கி உதிர்ந்துவிட்டது, நிலா மட்டும் தங்கிவிட்டது. பிறகு ஒரு வானியல் ஆய்வகத்தின் பக்கத்தைப் படித்தேன். மிக அருகில் வரும்போதும் செவ்வாய், நிலாவைவிட நூறு மடங்குக்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறது. இந்த வருஷம் அருகிலும் இல்லை. சின்னப் புள்ளி.

தேடுகிற ருசி கண்டுவிட்டதால் என் போனிலும் 'செவ்வாய்' என்று தேடினேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே செய்தியை நானே என் மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். 'கட்டாயம் பாருங்கள் மாப்பிள்ளை, இனி ஆயிரம் வருஷம் கழித்துத்தான்.' அன்றைக்கு மொட்டை மாடியில் நின்று மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது இப்போது ஞாபகம் வருகிறது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெனாசிர் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. பார்த்தமாதிரிதான் இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் பம்பை எடுக்கவில்லை என்று கவனித்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டேன். நான் அனுப்பியது பொய்ச் செய்தி, நானே தேடிப் பார்த்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நாலு வருஷத்துக்கு முந்தைய சமாசாரத்தையும் காட்டினேன்.

ஐயா என் போனை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார், "எனக்கு அந்தப் புள்ள கேட்ட அன்னைக்குச் சாயந்தரமே தெரியுமுங். ஊட்டுக்குப் போயி நானும் தேடிப் பாத்தேன். ஆனா மைக்குல சொன்னத எப்படிங் சார் திருப்பி வாங்கறது?"

பாவமாக இருந்தது. எனக்கு அதுவரை அவர் மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

"பி.டி. வாத்தியார் ஏமாந்துட்டான்னு மைக்குல சொல்லீருங் ஐயா. ஊருல ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அதுக்கு மட்டும் யார் சொன்னதுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அழைப்பிதழ் ஊருக்கெல்லாம் போயாயிற்று. விழா கிடையாது என்று சொல்லவும் வழியில்லை. விழாவை என்ன செய்வது என்று பெனாசிரையே கேட்போம் என்றேன். ஐயா ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டினார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பெனாசிரிடம் பதில் தயாராக இருந்தது. வந்த முதல் வாரமே பள்ளியில் படிக்கவும் பார்க்கவும் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்திருக்கிறார். நூலகர் என்றால் அதுதான் முதல் வேலையாம். இயற்பியல் ஆய்வகத்தின் பரண் மேல், பிரிக்காத பெட்டியில், ஒரு தொலைநோக்கி இருக்கிறது!

இயற்பியல் ஆசிரியர் கொடுக்க மறுத்தார். உடைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவரை எனக்கு நன்றாகப் புரிந்தது. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தானே. பூச்சி தின்ற கதையைச் சொன்னேன். கண்ணாடியைப் பூச்சி தின்னாது என்றார். பூஞ்சை தின்னும் என்றார் பெனாசிர். பெட்டி இறங்கியது.

ஆகஸ்ட் 21, திங்கள்

பெட்டிக்குள் செய்முறைத் தாள் இல்லை. மௌனிகாவும் அவள் கூட்டமும் கணினியில் தேடினார்கள். முதலில் கிடைத்த வீடியோவைப் பார்த்து மாட்டினோம். எதிரே தென்னை மரம் தலைகீழாகத் தெரிந்தது. உடைத்துவிட்டோம் என்று நான் வெலவெலத்துப் போனேன். பெனாசிர் பதறவில்லை. குழாயில் எழுதியிருந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடவைத்தார். செய்தவர்களின் கையேடே கிடைத்தது. தலைகீழாகத்தான் தெரியுமாம், வானத்தில் மேலென்ன கீழென்ன. முக்காலியைச் சமமாக நிறுத்தியது நான். எத்தனை வாலிபால் கம்பம் நட்டிருக்கிறேன், அந்த வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வழிபாட்டில் ஐயா மைக்கைப் பிடித்தார். "செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்னு நான் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு நம்ம பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை காட்டுவாங்க. மௌனிகா கேட்டது சரியான கேள்வி" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். மௌனிகா முதல்முறையாகப் பேச்சில்லாமல் நின்றாள்.

சாயங்காலம் மேகம். சனியன் பிடித்த மேகம்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மேகம் விலகிவிட்டது. ஊரே வந்துவிட்டது. தப்பு என்று அறிவித்தும் பாதிப் பேர் இரண்டு நிலா பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

முதலில் மேற்கே, தென்னந்தோப்புக்கு மேல், செவ்வாயைக் காட்டினாள் மௌனிகா. சிற்றெறும்பு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அந்தச் செய்தி எங்கே கிளம்பி எப்படித் திரிந்தது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு வருஷமாக நின்று நடித்தார்கள். ஒவ்வொருவராகத் தாண்டும்போது ஒரு வார்த்தை உதிர்ந்துகொண்டே வந்தது. கடைசி ஆள் பி.டி. வாத்தியார் மாதிரி விசில் மாட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். விசில் என்னுடையதுதான், கேட்டபோது கொடுத்தேன்.

பிறகு தொலைநோக்கி. நிலாவின் குழிகளைப் பார்த்துவிட்டுக் கிழவிகள் கூட வாயடைத்துப் போனார்கள். எட்டு மணி வாக்கில் கிழக்கே சனிக்கிரகத்தைப் பிடித்தார் பெனாசிர். முதலில் சென்னியப்பன். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. வரிசை நீண்டது. கடைசியில் நிமிர்ந்து, சந்தேகமாக, குழாயின் முன்பக்கம் போய்க் கையை ஆட்டிப் பார்த்தார்.

"வளையம் போட்டுக்கிட்டு அப்படியே நிக்குது. உள்ள படம் ஏதும் ஒட்டி வெச்சிருக்கீங்களா?"

அவர் கோபித்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. பெனாசிரின் வேலை அந்த மனிதர் வாயில் இருக்கிறது.

"இப்படித்தானுங் ஐயா கேக்கோணும்" என்றாள் மௌனிகா. "குழாயத் தொடாம பாத்துக்கிட்டே இருங். படமா இருந்தா நிக்கும். நெசமா இருந்தா நகரும்."

அவர் மறுபடி குனிந்தார். "நகருதுங்க" என்றார் மெதுவாக. "ஓரத்துக்குப் போயிருச்சு. போயே போச்சு." அது நகரவில்லை, நம் பூமி சுற்றுகிறது என்று பெனாசிர் விளக்கினார். சென்னியப்பன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார். சுண்டல் ஆறிப் போனது.

ஐயா பார்த்த பிறகு நானும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. அழகு. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, திங்கள்

நூலக வகுப்பு மறுபடி தொடங்கியது. மச்சானுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் கும்பிடு போட்டார்.

செப்டம்பர் 8, வெள்ளி

கழகக் கூட்டம். ஸ்மார்ட் போர்டா நூலகரா என்ற பேச்சு வந்தது. நான் எழுந்து இரண்டே வார்த்தை சொன்னேன். டீ ஆறும்வரை பேசினேன் என்று இயற்பியல் ஆசிரியர் சொல்கிறார், அவர் எதையும் கூட்டிச் சொல்வார். போர்டு வாங்கினால் அதற்கும் உறை போட்டு ஒருவரைப் பொறுப்பாக்குவோம், திறந்துவிட ஆள் வேண்டாமா என்றேன். ஐயா ஆமாம் என்றார். சென்னியப்பன் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த வளையம் அடுத்த மாசமும் தெரியுமா என்று. பெனாசிர் அடுத்த கல்வியாண்டு முடியும்வரை இருப்பார் என்று முடிவானது. கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். இந்த முறை பக்கத்தில் பசை எதுவும் இல்லை.

என் அறை போனது போனதுதான். சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

நேர்மையாக நடந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன். அறை இனி முழுக்க நூலகம், அங்கே என் பொருள் இருப்பது முறையில்லை. பம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று பெனாசிரிடம் சொன்னேன். மனசுக்குள் என்னவோ போல் இருந்தது. கப்பல் பனியில் நொறுங்கி, ஆட்கள் படகில் ஏறி, கரை தெரிகிற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

மூலையில் பம்ப் இல்லை. தேடினேன். விளையாட்டு அலமாரியில், அந்த இரண்டு புத்தகங்களுக்குப் பக்கத்தில், நிமிர்ந்து நின்றது. கைப்பிடியில் வெள்ளைத் தாள் ஒட்டி 796 என்று எழுதியிருந்தது.

"இனிமே அது நூலகத்துப் பொருளுங் சார்" என்றார் பெனாசிர். "எடுத்தா கையெழுத்துப் போட்டு எடுக்கோணும். சாயந்தரம் கொண்டாந்து வெச்சிரோணும். தெனமும் வந்துதான் ஆகோணுமுங்."

கையெழுத்துப் போட்டேன். கூடவே அந்தக் கப்பல் புத்தகத்தையும் என் பெயரில் எழுதிக்கொண்டார். நான் கேட்கவே இல்லை.